வெள்ளிக்கிழமைப் பூனை

மர்சூக்கி குத்தவைத்து உட்கார்ந்து பூனைக்கு மீன் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த காலையில்தான் மிஸ்னாத்திக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் பூனையைக் காலால் ஒதுக்கித்தான் அவள் பார்த்திருக்கிறாள். பாயில் மயிர் கிடந்தால் உறுமுவார். தட்டுக்குப் பக்கத்தில் வந்தால் உஸ்ஸென்று விரட்டுவார். இன்றைக்கு அவித்த அயிலையில் முள்ளெடுத்து, சோளச் சோறு கலக்காமல் வெறும் மீனாக உருட்டி, பெலாங்கின் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். பூனை முகத்தைத் திருப்பியது. உருண்டை அந்தப் பக்கம் போனது. பூனை இந்தப் பக்கம் திருப்பியது.

"என்ன, புதுசா இருக்கு?" என்றாள்.

"தின்ன மாட்டேங்குதுல்லா."

"தின்னா ஒங்களுக்கென்ன, தின்னாட்டி ஒங்களுக்கென்ன?"

"வாயில்லாச் சீவன்" என்று சொல்லிவிட்டு அவர் கையைச் சாரோங்கில் துடைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உப்பு வாருகிற பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்கு நடந்துவிட்டார்.

வாயில்லாச் சீவனாம். பதினேழு வருஷமாக அதற்கு வாய் இருந்ததா என்ன?

பெலாங் வரிப்பூனை. சாம்பல் உடம்பில் கறுப்புக் கோடு. வால் பாதியில் ஒடித்துவிட்ட மாதிரி முடிச்சுப் போட்டு மடங்கியிருக்கும். மதுராத் தீவில் முக்கால்வாசிப் பூனைக்கு வால் அப்படித்தான். மகள் உஸ்வா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காலியாங்கெட் படகுத்துறையிலிருந்து பாவாடையில் கட்டி எடுத்துவந்த குட்டி. உஸ்வா வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. பூனை இருந்தது. இந்த ஏப்ரலிலிருந்துதான் மெலிய ஆரம்பித்தது. வாளிக்குள் தலையை விட்டுவிட்டு தண்ணீராகக் குடித்தது. குடித்ததெல்லாம் படுத்த இடத்திலேயே போயிற்று. பின்னங்கால் இரண்டும் துவண்டு, அரிசிப் பெட்டிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிடும். கிட்டப் போனால் வாயிலிருந்து புளித்த வாடை. மிஸ்னாத்தி தினமும் மூன்று துணி மாற்றினாள். சுடுதண்ணீரில் நனைத்த பஞ்சால் கண்பீளை துடைத்தாள். அதையெல்லாம் யாருக்கும் தெரியாமல்தான் செய்தாள். கேட்டால், 'அவ பூனை, எனக்கென்ன' என்பதுதான் அவள் பதிலாக இருந்திருக்கும்.

அக்டோபர் பிறந்துவிட்டது. கடைசி வாரிப்பு. பாத்தியில் உப்பு உறைந்து காலடியில் நறநறத்தது. மேற்கே, கடலுக்கு மேல், மேகம் தினமும் சாயங்காலம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு மழை போதும், இரண்டு வாரத்து வெயில் கரைந்து வந்த வழியே கடலுக்குப் போய்விடும். அதனால் ஆண்கள் விடியலில் வாருபலகையோடு இறங்கினால் வெயில் ஏறும்வரை குனிந்த தலை நிமிர மாட்டார்கள். பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக் கொட்டகைக்கும் பாத்திக்குமாக நடந்தார்கள். உப்புநீர் சொட்டிச் சொட்டி மிஸ்னாத்தியின் கழுத்தில் வெடிப்பு விட்டிருந்தது.

இப்படி உயிர் போகிற வேலை நேரத்தில்தான் வெள்ளிக்கிழமை தோறும் மர்சூக்கி காணாமல் போனார்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து மற்ற ஆண்களெல்லாம் ஒரு மணிக்கு வீடு திரும்பினால் இவர் மூன்று மணிக்கு வருவார். கேட்டால் காற்றாடி பலகை பழுது என்பார். காற்றாடியோ அவள் கண் முன்னாலேயே கடகடவென்று சுற்றி உப்புநீர் இறைத்துக்கொண்டிருக்கும். வரும்போது மேலில் வாழைக்காய் பொரித்த எண்ணெய் வாடை அடிக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மத்தியானம் வாழைக்காய் பொரிக்கிறவள் ஒருத்திதான். படகுத்துறைப் பாதையில் காப்பிக்கடை வைத்திருக்கிற ரம்லா. புருஷன் கடலில் போய் நான்கு வருஷம். கண்ணுக்கு மை தீட்டாமல் கடை திறக்க மாட்டாள்.

போனுக்கும் இப்போது பூட்டு. விரலால் கோடு கிழித்தால்தான் திறக்கும்.

"அளத்துல யாரு ஒங்க போனைத் திருடப் போறா? நண்டா?" என்று கேட்டாள்.

"பையில கிடந்து தானா யாருக்கோ அடிச்சிருது. அதான்."

"யாருக்கு அடிக்குது?"

"யாருக்கோன்னேம்லா."

அவள் கூடையைக் கவிழ்த்து உப்பைத் தட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள். புதிதாக மீசை ஓரத்தைக் கத்தரித்திருந்தார். அதையும் குறித்துக்கொண்டாள்.

பெலாங் மூன்று நாளாக ஒன்றுமே தின்னாதபோது அவள் பேச்சை எடுத்தாள். மத்தியானச் சோறு. கருவாட்டை மிளகாயோடு இடித்து வைத்திருந்தாள்.

"மந்திரியைக் கூப்பிட்டுருவோம்."

மாடுகளுக்கு ஊசி போடுகிற புசிரியைத்தான் அந்தப் பக்கம் எல்லாரும் மந்திரி என்பார்கள். பந்தயக் காளைக்கும் அவர்தான், கோழிக்கும் அவர்தான்.

"எதுக்கு?"

"எதுக்கா? அது படுற பாட்டைப் பாக்கலையா நீங்க? ஒரு ஊசியில அடங்கிரும்."

மர்சூக்கி கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். "ஹராமில்லையா?"

"பள்ளிவாசல் கியாய் வீட்டம்மாகிட்ட கேட்டுட்டேன். தேறாத பிராணியை வதைய விடுறதுதான் பாவம், இரக்கத்தோட செஞ்சா குத்தமில்லைன்னு கியாயே சொன்னாவளாம்."

"வீட்டம்மா சொன்னா ஆச்சா? நானே கியாய்கிட்ட கேக்கணும்."

"வாரா வாரம் ஜும்ஆவுக்குப் போறீயளே, கேக்க வேண்டியதுதான?"

"வாரிப்பு முடியட்டும்."

"அது வரைக்கும் அது கிடந்து சாகணுமா?"

"டிசம்பர் வரைக்கும் தாங்கும்."

வாய் தவறி வந்த பேச்சு என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. மிஸ்னாத்தி விடவில்லை. "டிசம்பர்ல என்ன?"

"மழைக்காலம். வேலை இருக்காதுல்லா. நிதானமாப் பாத்துக்கலாம்னு சொல்லுதேன்."

பூனையைப் பிடிக்காத மனுஷர். டிசம்பர் வரைக்கும் அதை உயிரோடு வைக்கப் பார்க்கிறார். அவள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள், பொருந்தவில்லை. ரம்லாவோடு சேர்த்துப் பார்த்தாள். அப்போதும் பொருந்தவில்லை. ஆனால் பொருந்தாததே அவளுக்குப் பெரிய அத்தாட்சியாகப் பட்டது. யாரோ ஓதிக் கொடுத்திருப்பார்கள், கிழட்டுப் பூனை வீட்டில் இருக்கிறவரைக்கும் கட்டினவள் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று. ரம்லா அப்படிப்பட்ட இடத்துக்கெல்லாம் போகக்கூடியவள்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கூடையைக் கொட்டகையிலேயே போட்டுவிட்டாள். தலைத்துணியை இழுத்து மூடிக்கொண்டு, பள்ளிவாசல் விட்டதும், பாத்திக் கரைக்கு இந்தப் பக்கமாக, மர்சூக்கிக்கு இருநூறு அடி பின்னால் நடந்தாள். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வாலிபப் பிள்ளை மாதிரி வேகமாகப் போனார். காப்பிக்கடை வாசல் வழியாக நுழையாமல் பக்கத்துச் சந்தில் திரும்பிக் கொல்லைக்குப் போனார். முப்பத்தோரு வருஷம்.

கொல்லைத் தட்டி கிடுகு. விரலை விட்டு விலக்கினாள்.

ரம்லா உள்ளே அடுப்படியில் நின்று வாழைக்காய் புரட்டிக்கொண்டிருந்தாள். மர்சூக்கி கொல்லையில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பூனை. சாம்பல் உடம்பு, கறுப்புக் கோடு. கொழுகொழுவென்று. அதன் வாலைச் சாரோங்குக்கு அடியில் செருகித் தொடையால் அமுக்கி வைத்திருந்தார். எதிரில் சீனி டப்பாவில் போனைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்.

"பாரு, நல்லாப் பாரு. எப்படி இருக்கான் பாரு" என்று பூனையின் தாடையைத் தூக்கிக் காட்டினார். "காலையில ரெண்டு அயிலை தின்னான். முழுசா. எம்பு பாத்துக்கிடுதா. ஒனக்கு என்ன கவலை?"

"எப்பா, தண்ணி நெறைய குடிக்கானா?"

"குடிக்கான், அளவா."

மிஸ்னாத்தி கிடுகைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அம்மாவை எம்பு என்று கூப்பிடுகிற அந்தக் குரலைக் கேட்டு ஆறு வருஷம். கொஞ்சம் தடித்திருந்தது. சளி பிடித்த குரல்.

உஸ்வாவுக்குப் பன்னிரண்டு வயதில் நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளை, மர்சூக்கியின் சித்தப்பா மகனுடைய பையன். இருபத்திரண்டு வயதில் அவள் மாட்டேனென்று சொன்னாள். நிச்சயச் சீர் முழுவதையும் ஊர் பார்க்கத் தலையில் சுமந்து கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தது மிஸ்னாத்திதான். திரும்பி வந்து வாசலில் நின்று, 'இனிமே இந்தப் படியேறணும்னா என் மய்யித்தைத் தாண்டி ஏறு' என்று சொன்னதும் அவள்தான். உஸ்வா தைவானுக்கு வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அவள் பேரை எடுக்கவில்லை. மர்சூக்கி மட்டும் எப்போதாவது சோற்றுக்கு நடுவில், யாரிடமோ சொல்கிற மாதிரி, "நல்லா இருக்காளாம்" என்பார். ஏஜெண்டு சொல்லியிருப்பான் என்று மிஸ்னாத்தி நினைத்துக்கொள்வாள்.

அவள் கிடுகை விட்டாள். வந்த வழியே நடந்து வீட்டுக்கு வந்தாள். அரிசிப் பெட்டிக்குக் கீழே கையை விட்டாள். பெலாங் இருந்தது. உடம்பு ஈரமாக, குளிர்ந்து. விரலை மோந்து பார்த்துவிட்டுத் தலையை அவள் உள்ளங்கையில் வைத்தது. தலை ஒன்றுக்குத்தான் கனம் இருந்தது.

மூன்று மணிக்கு மர்சூக்கி வந்தார். அவள் பூனையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"காற்றாடி பலகை..." என்று ஆரம்பித்தார்.

"காலையில ரெண்டு அயிலை தின்னானாமே. முழுசா."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். போனை வைத்திருந்த கை சட்டைப் பையை மூடிக்கொண்டது.

"எத்தனை மாசமா?"

"எது?"

"பேசுறது எத்தனை மாசம், பொய்ப் பூனை காட்டுறது எத்தனை மாசம். ரெண்டையும் தனித்தனியாச் சொல்லுங்க."

மர்சூக்கி படியில் இல்லாமல் கீழே மண்ணில் உட்கார்ந்தார். "பேசுறது... அவ போன மறு வருஷத்துலேருந்து. நீ காதுல வாங்க மாட்டேன்னு, நீ இல்லாத நேரம் பாத்து இதைத் தூக்கிட்டு வெளிய போய்ப் பேசுவேன். பூனை மூணு மாசமா. இது மெலிஞ்சுபோச்சுல்லா. போன் எடுத்ததும் முதல் வார்த்தை, பெலாங் எங்க, காட்டுன்னுதான் கேப்பா. வேற பேச்சு கிடையாது எங்களுக்கு. நானென்ன அவகிட்ட உப்பு விலையா பேச முடியும்? பூனை தின்னுச்சா, தூங்குச்சா, எலி பிடிச்சதா. அஞ்சு வருஷமா இதான் பேசுதோம்."

"அதுக்கு ரம்லா வீடா?"

"அவகிட்டதான் இதே சாயல்ல பூனை இருக்கு."

"அவளுக்கு எல்லாம் தெரியும்! எனக்குத் தெரியாது!"

"தெரிஞ்சா நீ போனைப் பிடுங்கி உப்புத்தண்ணியில போட்டிருப்ப."

போட்டுத்தான் இருப்பாள்.

"டிசம்பர்ல ஒப்பந்தம் முடியுது" என்றார் அவர் மெதுவாக. "வாரேன்னு சொல்லியிருக்கா. பெலாங்கைப் பாக்க வாரேன்னுதான் சொன்னா. இது போயிட்டா எதுக்கு வருவா? என்னையப் பாக்கவா, ஒன்னையப் பாக்கவா?"

பூனை மடியில் ஒரு தடவை உதறியது. சுடாத மூத்திரம் அவள் சேலையில் இறங்கிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"போனை எடுங்க" என்றாள்.

"மிஸ்னா..."

"கோடு கிழிச்சு எடுங்கன்னு சொல்லுதேன்."

போன் ரொம்ப நேரம் அடித்தது. பிறகு திரை விளக்கேறி, கட்டிலும் சன்னலுமாக ஒரு அறை ஆடிக்கொண்டு தெரிந்தது. "எப்பா? இப்பத்தான பேசினோம்? என்ன ஆச்சு?"

மர்சூக்கி போனை மிஸ்னாத்தியின் முகத்துக்குத் திருப்பினார். அந்தப் பக்கம் படம் ஆடுவது நின்றது. உஸ்வா முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளோ என்னவோ.

மிஸ்னாத்திக்கு 'மகளே' என்று வரவில்லை. மடியிலிருந்து பெலாங்கைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தாள். "இதான் ஒன் பூனை. ஒங்க எப்பா காட்டுறது ரம்லா பூனை."

உஸ்வா வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "தெரியும், எம்பு" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது பெலாங் இல்லைன்னு. ரெண்டாவது வாரமே வால் வெளிய வந்துருச்சு. நேரா இருந்துச்சு."

மர்சூக்கி பக்கவாட்டில் முகத்தை நீட்டினார். "பிறகு ஏன் பிள்ள ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீங்க வெக்கப்பட்டுப் பேசாம இருந்துருவீயல்லா எப்பா." மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் கிட்டக் காட்டுங்க எம்பு. ஈறைத் தூக்குங்க. வெளுத்திருக்கா?"

"வெளுத்துப்போச்சு."

"தோலை முதுகுல கிள்ளித் தூக்கி விடுங்க. கீழ இறங்குதா?"

மிஸ்னாத்தி கிள்ளினாள். தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது.

"ராத்திரி கத்துதானா?"

"கத்த ஏது தெம்பு? வாயைத் திறக்குதான், சத்தம் வரல. மூணு நாளாத் தண்ணியும் இறங்கல."

உஸ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். வேலைக்காரி பார்க்கிற பார்வை. எத்தனை கிழங்களை இப்படிப் பார்த்திருப்பாளோ. "எனக்காக வெச்சிருக்காதீய. நாளைக்கே மந்திரியைக் கூப்பிட்டுருங்க."

அந்த இடத்தில் மிஸ்னாத்திக்குப் பழைய புத்தி எழும்பியது. இவள் ஏன் இவ்வளவு சீக்கிரம் சரியென்கிறாள்? "அப்படிச் சொல்லிட்டா டிசம்பர்ல வர வேண்டாம், அதான?"

"மிஸ்னா!" என்றார் மர்சூக்கி.

"நீங்க சும்மா இருங்க. கேக்க வேண்டியதைக் கேக்கணும். பூனை போனா இவளுக்கு ஒரு சாக்கு ஆச்சு."

உஸ்வா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் அவளுக்கும் வசதியாக இருந்திருக்கும். உஸ்வாவோ, "ஒங்க மய்யித்தைத் தாண்டித்தான் வரணும்னா நான் வர மாட்டேன் எம்பு. அதுக்கு முன்னாலன்னா வாரேன்" என்றாள்.

மிஸ்னாத்தி பூனையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவிக்கொண்டே, "படி இருக்குற இடத்துலதான் இருக்கு" என்றாள்.

பிறகு உஸ்வா பெலாங்கிடம் என்னவோ பேசினாள். சின்ன வயசில் பேசுவது போல, பாதி சொல், பாதி ஒலி. பூனையின் காது ஒரு பக்கம் திரும்பியது. கேட்டதோ, ஈ உட்கார்ந்ததோ. மர்சூக்கி முகத்தைச் சாரோங்கில் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மந்திரி புசிரி மோட்டார்சைக்கிளில் வந்தார். மிஸ்னாத்தி அவரையும் சும்மா விடவில்லை.

"இது மாட்டு மருந்தா?"

"இல்லக்கா. அளவு வேற."

"குப்பியைக் காட்டுங்க."

"படிக்கத் தெரியுமா ஒங்களுக்கு?"

"படிக்கத் தெரியாது. பாக்கத் தெரியும்."

அவர் சிரிக்காமல் குப்பியைக் கையில் கொடுத்தார். அவள் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். "ரெண்டு ஊசி. முதல் ஊசியில தூங்கிரும். அதுக்கப்புறம் எது செஞ்சாலும் அதுக்குத் தெரியாது" என்றார்.

"தூங்கிட்டான்னு எனக்குத் தெரிஞ்ச பிறகுதான் ரெண்டாவது."

"சரிக்கா."

மர்சூக்கி பூனையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை வாலை ஒளிக்கவில்லை. முதல் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தாடை தளர்ந்து நாக்கின் நுனி வெளியே வந்தது. மிஸ்னாத்தி கண்ணிமையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பாதத்தின் நடுவே அமுக்கினாள். காதுக்குள் ஊதினாள். மந்திரி பொறுமையாக நின்றார். இன்னொரு தடவை ஊதினாள்.

"போடுங்க" என்றாள். "பிஸ்மில்லாஹ் சொல்லிப் போடுங்க."

நெஞ்சுக்கூடு நிற்பதை அவள் உள்ளங்கைதான் முதலில் அறிந்தது. மந்திரி காதுக்குழாயை வைத்துக் கேட்டுத் தலையாட்டினார். "நல்ல நேரத்துல கூப்பிட்டீய. நெறையப் பேரு ரொம்பப் பிந்திக் கூப்பிடுவாங்க."

"மூணு வாரம் முந்திக் கூப்பிட்டிருக்கணும்" என்று மர்சூக்கி சொன்னார். மிஸ்னாத்தி அவரை ஏசுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

அளத்து மண்ணில் புதைத்தால் உப்பு அரித்துவிடும் என்று வீட்டுக்குப் பின்னால் முருங்கை நின்ற மேட்டில் குழி தோண்டினார். முழங்கால் ஆழம் தோண்டிவிட்டு நிறுத்தினார். "நாய் தோண்டும், இன்னும்" என்றாள். இடுப்பளவு தோண்டினார். ரம்லா ஒரு வெள்ளைத் துணியோடு வந்து வேலியோரம் தயங்கி நின்றாள். மிஸ்னாத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். இன்றைக்கு மை இல்லை. துணியை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நான் அப்பவே சொன்னேன், அக்காகிட்ட சொல்லிருங்கன்னு..."

"சரி, சரி. அந்தப் பக்கம் பிடி. துணி மண்ணுல படுது."

அடுத்த புதன்கிழமை மழை இறங்கிற்று. கொட்டகைக்குள் சேர்த்த உப்பு தப்பியது. கடைசி நான்கு பாத்தி போயிற்று. மர்சூக்கி மழைக்குள் நின்று கரைவதைப் பார்த்துவிட்டு வந்து படுத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரே வீட்டுக்கு வந்தார். போனைக் கூடத்தில் நடுவில் வைத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். ஒரு மணி தாண்டியது. ஒன்றேகால். அடிக்காது என்று மிஸ்னாத்தி மனதுக்குள் உறுதி செய்துகொண்டாள். எதற்கு அடிக்கும்?

ஒன்றரைக்கு அடித்தது. மர்சூக்கி கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

உஸ்வா முகம் தெரிந்தது. காட்ட ஒன்றுமில்லை, கேட்க ஒன்றுமில்லை. உஸ்வா தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அப்போது அவளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் இருமினான்.

மிஸ்னாத்தி நிமிர்ந்தாள். "யாரு அது?"

"நான் பாத்துக்கிடுற பெரியவரு, எம்பு. தொண்ணூறு வயசு."

"தொண்ணூறு வயசு இருமலா அது? திருப்பிக் காட்டு."

"ஐயோ எம்பு..."

"காட்டுன்னா காட்டு."

உஸ்வா சிரித்துக்கொண்டே போனைத் திருப்பினாள். சன்னலோரம் சக்கர நாற்காலியில் போர்வைக்குள் ஒரு கிழவர். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கை மேல் தோல் தொங்கிற்று. கண் வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. மிஸ்னாத்தி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஒழுங்கா சாப்பிடுதாரா?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாளாச் சரியா இல்ல எம்பு. கஞ்சியைத் துப்பிருதாரு."

"ஆறிப்போனதைக் கொடுத்திருப்ப. கொஞ்சம் சூடா, மீன் தண்ணி விட்டுக் கொடு. கரண்டியில கொடுக்காத, விரலால கொடு. இரு, போயிராத, சொல்லுதேன்" என்று சொல்லிக்கொண்டே, கையை நீட்டிய மர்சூக்கியைத் தோளால் தள்ளிவிட்டு, போனோடு அடுப்படிக்கு நடந்தாள்.